டீத்தூளில் வெந்த கோட்டு

டீத்தூளை மறுபடி மறுபடி கொதிக்கவிட்டால் ஒரு கட்டத்தில் அது டீ வாசனையைக் கைவிட்டுவிடும். பிறகு வருவது வேறு. நனைந்த கோணிப்பை, துருப்பிடித்த கதவின் கீல், மழைக்கு முந்திய தார்ச்சாலை, இவை மூன்றும் ஒரே மூச்சில். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வடிகட்டும் துணியைப் பிழிந்து சாக்கடையோரம் உதறும்போது அந்த வாசனை எழும். நான் நின்றுவிடுவேன். ஏற வேண்டிய வண்டி போய்விடும். என் மூக்குக்குள் என் தம்பி சட்டையில்லாமல், நெற்றியில் ஆவி வழிய, அண்டாவில் ஒரு நீளக் கோட்டைக் கம்பால் கிளறிக்கொண்டு நிற்பான்.

தம்பிக்கு இரண்டு வேலை. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுவான். சனிக்கிழமை இரவுகளிலும் திருவிழாக் காலத்திலும், சீரியல் பல்பு தொங்கும் எந்தத் தெருமுனை மேடையிலும், ஒரு பெரிய நடிகரின் முகத்தோடு ஏறி ஆடுவான். டூப் என்பார்கள். சண்டைக்காட்சியில் விழுகிற டூப் இல்லை. முகம் ஒத்துப்போனதால் மேடைக்கு வந்தவன். அவனுடைய இளவயதில் ஒரு நாள் பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்க மறந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அந்த முகம் அவனுடையது இல்லாமல் போயிற்று. அல்லது அன்றுதான் அவனுக்கு ஒரு முகம் கிடைத்தது. எது சரியென்று எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த நடிகருக்குப் பெயர் கிடையாது. 'அவரு' என்போம். 'அவரு படம் வருது', 'அவருக்கு ஜுரமாம்', 'அவரு எளச்சிட்டாரு, நீ இன்னும் துன்னுகினு கீற' என்று, தூரத்துச் சொந்தத்தைப் பற்றிப் பேசுவதுபோல.

போன ஆடியில் அவருடைய பழைய படமொன்று துடைத்துப் புதுசாக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வருவதாகச் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளக் கோட்டோடு அவர் புழுதிக்குள்ளிருந்து நடந்துவருகிற படம். தம்பியின் நடனக் குழுவை நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் போனில் சொன்னதைத் தம்பி என் சமையலறை வாசலில் நின்று அப்படியே திருப்பிச் சொன்னான்.

"'இந்த ஆடி பூரா கோட்டு பாட்டுதான்பா. ஞாயித்துக்கெயம வா. பூந்தமல்லி பக்கம் புச்சா ஒருத்தன் கீறான், அவனயும் வர சொல்லிகீறேன். ரெண்டு பேரயும் நிக்க வெச்சி பாத்துட்டு சொல்றேன்'னு சொல்றாருக்கா."

"பாத்துட்டு இன்னா சொல்லுவாராம்?"

"யாரு அவருன்னு."

"மத்தவனுக்கு?"

"காமெடியன் டூப்புக்கு ஆள் இல்லியாம்."

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அவன் கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டியாயிற்று. கன்னத்துச் சதை கீழே வரத் தொடங்கியிருந்தது. அவருக்கும் வயதாகிறது, ஆனால் திரையில் அவருக்கு வயதாவதில்லை. பழைய படம் வேறு திரும்பி வருகிறது, இளமையோடு. ஞாயிற்றுக்கிழமை அந்த முகம் அவனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டால் திங்கட்கிழமை காலை எஸ்டேட் கேட்டுக்குள் நுழைகிறவன் யார்? அதுதான் அவன் பயம். நிலையில் பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தது.

"மூஞ்சிய ஒன்னும் பண்ண முடியாதுக்கா," என்றான். "கோட்டாவது ஒயுங்கா இருக்கணும்."

அவனிடம் இருந்த பழைய கோட்டு ரெக்ஸின். மேடை விளக்கு பட்டால் நனைந்த எருமைபோல மின்னும். முன்பெல்லாம் அது போதும். இப்போது கூட்டம் மேடையைப் பார்ப்பதில்லை, கையிலிருக்கும் போனில் படத்தின் ஸ்டில்லைப் பார்க்கிறது, பிறகு நிமிர்ந்து மேடையைப் பார்க்கிறது, பிறகு சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை ஒரு முறை கேட்டிருக்கிறான்.

ஆவடியில் ஒரு தையல்காரர் கெட்டியான காடாத் துணியில் கோட்டைத் தைத்துக் கொடுத்தார். வெளுக்காத துணி, மாவு நிறம். போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"இன்னாடா, சர்ச்சு சாமியார் அங்கி மாதிரி கீது. பாவசங்கீர்த்தனம் கேக்க போறியா?"

"சாயம் போட்டா சரியாயிடும்."

போனில் படத்தின் ஸ்டில்லைப் பெரிதாக்கிக் காட்டினான். காய்ந்த புகையிலையின் நிறம். தோள்பட்டையில் வெயில் குடித்து வெளுத்த பட்டை, முழங்கையில் பளபளப்பு, ஓரத்தில் சேறு, பாக்கெட்டுக்குக் கீழே ஒரு தீப்பொட்டு. பல ஊர் சுற்றிய ஒருவன் உடம்பைவிட்டுக் கழற்றாத கோட்டு. அதை என் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு நாளில் செய்ய வேண்டும். வெள்ளானூரில் அவன் குடியிருப்பது மாடியில் ஒற்றை அறை. அடுப்பு மூட்ட இடமில்லை. அம்பத்தூர்ப் பக்கம் எங்களுடையது தரைத்தளம், பின்னால் துவைக்கிற கல், கொய்யா மரம், கொஞ்சம் வானம்.

ஏதோ வீடியோவில் பார்த்திருந்தான்: கடுக்காய்ப் பொடியும் டீத்தூளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிச்சத் துணியில் ஒரு கீற்றைப் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டோம். எடுத்துக் காய வைத்தால், அப்படியே புகையிலை. ஸ்டில்லின் பக்கத்தில் வைத்தோம். கண்ணைச் சுருக்கினோம். அவன் அந்தக் கீற்றை மணிக்கட்டில் கயிறுபோலக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, மாடிவீட்டில் கேட்டு வாங்கிய அண்டாவை ஏற்றினோம். மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பை அண்டாவுக்குள் விட்டேன். தண்ணீர் கொதித்ததும் கடுக்காய், டீத்தூள், ஒரு கை உப்பு. கோட்டை நனைத்து உள்ளே இறக்கினான். காற்று புகையை எங்கள் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்றுக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது. எங்கோ ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு, நடுநடுவே கூழ் ஊற்றும் நேரத்தின் அறிவிப்பு.

கோட்டு முதலில் வைக்கோல் நிறம் கொண்டது. பிறகு பழுப்பு. தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான், அவர் தூக்குவது மாதிரி. நானும் தூக்கினேன். பிறகு தண்ணீருக்குள் ஏதோ ஒன்று மனதை மாற்றிக்கொண்டது. துணியின் ஓரங்களில் சாம்பல் ஏறியது. கம்பால் தூக்கினான். காற்றுப் பட்டதும் சாம்பல் ஸ்லேட்டாயிற்று. மறுபடி அமுக்கி மறுபடி தூக்கினான். காக்கை.

"இன்னாக்கா இது?"

"ஈரத்துல அப்டிதான் தெரியும். காஞ்சா சரியாயிடும்."

"டபாய்க்காத. இன்னா போட்ட?"

"நீ குடுத்ததத்தான் போட்டேன். நீ இன்னா குடுத்த?"

"நேத்து போட்டதேதான்."

அவன் மணிக்கட்டில் அந்தக் கீற்று, நேற்றைய புகையிலை. அண்டாவில் இன்றைய கரி. கோட்டைத் துவைக்கிற கல்லில் போட்டு அலசினான். கறுப்பு நீர் ஓடியது, கோட்டு கறுப்பாகவே கிடந்தது. சோப்பு போட்டேன். இன்னும் கறுத்தது. அவன் கம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான், கம்பு உடைந்தது.

"உனுக்கு நான் ஆடறதே புடிக்காதுக்கா."

"புடிக்காதவதான் காலைலேர்ந்து பொகையில நின்னு கண்ணு எரிஞ்சிகினு கீறேனா?"

"புடிக்காதவதான் புக்குல எய்துன. 'வாடகை முகம்'னு. மாமா படிச்சி காட்டுனாரு."

நான் கதை எழுதுகிறவள், அப்படி எழுதியது உண்மை. இவனைப் பற்றியும்தான், இவனைப் பற்றி மட்டும் அல்ல. அதைக் கொல்லையில் கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு எப்படி விளக்குவது? எழுதும்போது நான் நதியைப்போல எல்லாத் திசையிலும் போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்; படிக்கிறவனுக்கு அது ஒரே திசையில் வந்து காலில் இடிக்கிறது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோட்டின் கையைப் பிழிந்துகொண்டே இருந்தான், பிழியப் பிழிய அதிலிருந்து முந்தைய நிறம் வந்துவிடும் என்பதுபோல.

என் வீட்டுக்காரர் முதல் ஷிப்டு முடிந்து வந்தார். பையைக்கூட இறக்காமல் பின்வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா மச்சான், வக்கீலுக்கு படிக்கிறியா? கேசு யார் மேல?"

தம்பி நிமிரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "சரி, ஒரு டீ போடு," என்று உள்ளே போய்விட்டார்.

டீ போட உள்ளே போனேன். பாத்திரத்தை எடுத்தேன். குழாயைத் தாண்டி என் கை தானாகவே கேன் தண்ணீருக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் போர் தண்ணீரில் யாரும் டீ போடுவதில்லை. பாலை ஊற்றினாலும் டீ சாம்பலாகிவிடும், வாயில் ஆணியைச் சப்பிய ருசி. வாளியில் மஞ்சள் வளையம், வெள்ளைச் சட்டையில் மஞ்சள் திட்டு, எல்லாம் அந்தத் தண்ணீரிலுள்ள இரும்பின் வேலை. மாடிவீட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். நேற்று கீற்றை அடுப்படியில் காய்ச்சினோம், கைக்கு எட்டிய கேன் தண்ணீரில். இன்று கோட்டை மோட்டார் தண்ணீரில் வேகவைத்தோம். ஒரு டம்ளர் டீக்குத் தெரிந்த விஷயம் ஓர் அண்டா டீக்குத் தெரியாமல் போய்விட்டது. ஏனென்றால் அண்டாவில் இருந்ததை நாங்கள் டீ என்றே நினைக்கவில்லை. சாயம் என்று நினைத்தோம்.

"டேய்," என்று பின்வாசலுக்கு ஓடினேன். "போர் தண்ணிடா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அண்டாவைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையால் நெற்றியில் பலமாக ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். அங்கே ஒரு கறுப்புக் கை பதிந்தது.

"புச்சா துணி வாங்கி தைக்க நேரம் இல்லக்கா."

"இரு. இரும்பு கறைக்கு இன்னா போடுவேன் நானு? மாமா சட்டைக்கு?"

"எலுமிச்சம்பயம்."

வீட்டுக்காரரைச் சந்தைக்குத் துரத்தினோம். அம்மன் கோயில்களுக்கெல்லாம் மாலை போகிற மாதம். எலுமிச்சை குவிந்து கிடந்தது. ஒரு பையை முழுக்க நிரப்பிக்கொண்டு வந்தார்.

"கோயில் மாலைக்கா சார்னு கேட்டான். கோட்டுக்குன்னேன். எடைபோட்டவன் கை அப்டியே நின்னுபோச்சி."

முதல் பழத்தை அறுத்துத் தோள்பட்டையில் தேய்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு. கறுப்பு அசையவில்லை. பிறகு, துணியின் அடியிலிருந்து யாரோ விளக்கைத் தூண்டியதுபோல, பழுப்பு மேலே வந்தது. தேய்த்த இடத்தில் புகையிலை, தேய்க்காத இடத்தில் கரி. மூன்று பேரும் அந்த உள்ளங்கை அகலப் பழுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அங்கியே நிறுத்து," என்றான் தம்பி, குரல் மாறி. "மடிப்புக்குள்ள தேய்க்காத. மடிப்பு கறுப்பாவே கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு வேலை எங்களை எடுத்துக்கொண்டது. தோளில், மார்பின் ஓரத்தில், முழங்கையின் முட்டியில், காலரின் விளிம்பில், வெயிலும் கையும் படக்கூடிய இடங்களில் மட்டும் எலுமிச்சை. அக்குளிலும் மடிப்பிலும் காலருக்கு அடியிலும் கரி. கொஞ்சம் அதிகம் தேய்த்தால் வெளிறிப் போகும். வலது தோளில் அப்படி ஒரு திட்டு விழுந்தது. அவன் பட்டறையிலிருந்து எமரி பேப்பர் என்கிற உப்புத்தாள் கொண்டுவந்திருந்தான். அதால் முழங்கையைத் தேய்த்து நூல் எழும்பவைத்தான். பாக்கெட்டுகளில் ஜல்லிக் கல்லைப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டோம், தொங்கித் தொங்கி வாய் பிளக்கட்டுமென்று. தையல் நூல் மட்டும் எந்தச் சாயமும் பிடிக்காமல் வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது, பாலியெஸ்டர் நூல். அவன் சைக்கிள் செயினில் விரலைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தையலின் மேலும் அந்த மையை இழுத்தான். ஒரு பெண்ணுக்கு மை தீட்டுகிற மாதிரி மெதுவாக. ஊதுவத்தியால் பாக்கெட்டின் கீழ் தீப்பொட்டு வைத்தது நான். துணி கருகிய நொடியில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கொய்யா மரத்துக்கு மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"காயாதுக்கா."

"காயும்."

"முட்டி மடிப்பு வுயணும்னா ஒடம்புலயே காயணும்." கோட்டை ஈரத்தோடு உடம்பில் ஏற்றிக்கொண்டான். பிளாஸ்டிக் ஸ்டூலில், முழங்கையை மடக்கி, ஒரு காலை நீட்டி, அவர் உட்காருவதுபோல உட்கார்ந்தான். அசையக்கூடாது. அசைந்தால் மடிப்பு வேறிடத்தில் விழும். காற்று அடித்தது. எலுமிச்சைப் புளிப்பும் கருகல் நெடியும் கலந்து அவன் உடம்பிலிருந்து வந்தன. உதடு நடுங்க ஆரம்பித்தது. கேன் தண்ணீரில் டீ போட்டுக்கொண்டு வந்தேன். கையை எடுக்க முடியாது என்று கண்ணால் சொன்னான். டம்ளரை நானே அவன் வாயில் வைத்தேன். குடித்தான். இருவருக்கும் வயதாகிவிட்டது என்று அப்போது தோன்றியது. இத்தனை பக்கத்தில் அவன் முகத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. அந்த முகத்தில் அவரை நான் தேடினேன். இருந்தார், கொஞ்சம். மீதி எங்கள் அப்பா.

"என் ஜோபில போன் கீது பார். அந்தப் பூந்தமல்லி பையன் வீடியோ அனுப்பிகீறாரு மாஸ்டரு. பாத்துட்டு நெசமா சொல்லு. ஒத்து கீதா?"

பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒருவன் திரும்பிப் பார்க்கிறான். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டேன்.

"லைட்டு சரியில்ல," என்றேன்.

தம்பி அசையாமல் சிரித்தான். "லைட்டு சரியில்லன்னா ஒத்து கீதுன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். பக்கத்தில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ தாளத்தை விரலால் போட்டபடி வந்தான். திருவேற்காட்டை நெருங்க நெருங்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் புடவைகள், வேப்பிலை, தெருவை அடைத்த பந்தல். தூறல் ஆரம்பித்தது. கோட்டின் மேல் நான் குனிந்துகொண்டேன். மழை பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்த நிறம் எதை நம்பித் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது என்றே தெரியாது.

திருவேற்காட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே தகரக் கொட்டகை போட்ட மொட்டைமாடி. அங்கேதான் குழு ஒத்திகை பார்க்கும். மாஸ்டர் நாற்காலியில் இருந்தார், குள்ளமாக, கழுத்தில் ஒரு துண்டோடு. பூந்தமல்லிப் பையன் ஓரத்தில் நின்றான். கடையில் வாங்கிய பழுப்புக் கோட்டு, ஷோரூம் பளபளப்போடு. எங்களைப் பார்த்ததும் கும்பிட்டான். "வணக்கம்ணே. சின்ன வயசுல உங்கள பாத்துகினே இருப்பேண்ணே மேடையில."

"அப்ப எனக்கும் சின்ன வயசுதான் நைனா," என்றான் தம்பி.

பாட்டைப் போட்டார்கள். தம்பி கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து நடந்துவந்தான். தகரத்தின் மேல் தூறல் சத்தம். கோட்டின் கரி மடிப்புகள் ஒவ்வோர் அடிக்கும் திறந்து மூடின. தோள் வெளுப்பு, தீப்பொட்டு, பாரத்தில் தொங்கிய பாக்கெட். ஏதோ ஊர்ப் புழுதி அவனோடு நடந்துவந்தது. ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் அவன் திரும்பி நின்றான். திரும்பியபோது கழுத்தும் கொஞ்சம் சேர்ந்து திரும்பியது. முன்பு முகம் மட்டும்தான் திரும்பும். நான் பார்த்தேன். மாஸ்டரும் பார்த்தார்.

"அடேயப்பா, கோட்டு!" என்றார். "எங்க புட்ச? ஷூட்டிங்ல திருடிகினு வந்தியா?"

"அக்கா பண்ணுச்சி."

மாஸ்டர் எழுந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். அந்தப் பார்வை திரும்பிய வேகத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"நீ அத கயட்டு. இத போட்டுகினு ஒருக்கா நட."

பையன் அசையவில்லை. "அண்ணே சொன்னாதான் மாஸ்டர்."

என் நாக்கு நுனியில் 'முடியாது' என்பது வந்து நின்றது. தம்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். கோட்டைக் கழற்றினான், ஒரு கையை எடுத்து, மறு கையை எடுத்து, பையனுக்குப் பின்னால் போய்த் தூக்கிப் பிடித்தான். பையன் கைகளை நுழைத்தான். தோளில் கொஞ்சம் இறுக்கம். தம்பி காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு விலகி, சுவரோரமாக வந்து நின்றான், என் பக்கத்தில்.

பாட்டு மறுபடி. பையன் நடந்துவந்தான். நடை அப்படி ஒன்றும் பெரிதில்லை. திரும்பினான். முகம் மட்டும் திரும்பியது.

அவர்தான். புழுதியிலிருந்து, அந்த வயதில், அந்தக் கோட்டில். என் முதுகில் மயிர் சிலிர்த்தது. பாட்டைக் கிழித்துக்கொண்டு என் காதோரம் ஒரு விசில் கிளம்பிற்று, இரண்டு விரல் வைத்து அடிக்கிற, முதல் நாள் முதல் காட்சி விசில். தம்பி. கண் நிறைந்திருந்தது, ஆனாலும் விசிலை விடவில்லை. அவன் மேடைக்கு வருவதற்கு முன்னால் ரசிகன் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

பாட்டு நின்றபின் மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"முகம் அவன்கிட்ட கீதுபா. கோச்சிக்காத."

"கோவம் இல்ல மாஸ்டர்."

"காமெடியன்…"

"சிரிப்பு காட்ற மூஞ்சி இல்ல மாஸ்டர் இது. பாத்தா எங்க அப்பா மாதிரி கீதாம், அக்கா சொல்லுச்சி." நான் அப்படிச் சொல்லவே இல்லை. நினைத்தது மட்டும்தான். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

பையன் கோட்டைக் கழற்றப் போனான். தம்பி வேண்டாமென்று கையைக் காட்டினான். அப்போதுதான் என்னைப் பார்த்தான். கோட்டு என்னுடையது என்றது அந்தப் பார்வை. கொடுப்பதும் நானாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபமா, வேறேதாவதா தெரியவில்லை. பையனிடம் போனேன்.

"இந்தா பாரு, தம்பி. போர் தண்ணி மட்டும் இதும்மேல படக்கூடாது. சோப்பும் போடாத. அய்க்கானா தட்டி வுடு, போதும்."

"சரிங்கக்கா."

கீழே இறங்கி வந்தோம். தூறல் நின்றிருந்தது. போர்வை மட்டும் என் கையில், கோட்டின் வடிவம் இன்னும் கலையாமல். அம்பத்தூர் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் நின்றோம். அவன் ஆவடி வண்டி பிடிக்க எதிர்ப்பக்கம் போக வேண்டும். போர்வையை உதறி மடித்தேன்.

"சனிக்கெயம ராத்திரி இனிமே இன்னா பண்ணுவ?"

"தூங்குவேன்."

"அப்ப ஞாயித்துக்கெயம காலைல முயிச்சிகினு கீறவன்தான? சர்ச்சுல பூசைக்கு வா. எத்தினி வருசமாச்சி."

ஆட்டோ வந்தது. ஏறி ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் ஜன்னல் கம்பியில் கை வைத்துக்கொண்டு நின்றான். டிரைவர் இன்னும் ஓர் ஆளுக்காக எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு மேலே அவன் கத்த வேண்டியிருந்தது.

"வரேன். ஆனா மீசைய எட்துட்டுதான் வருவேன். அது அவரு மீச."

"எடுத்துட்டா எப்டி இருப்பியோ."

"அதான் சொல்றேன். யாரோன்னு நெனச்சி தள்ளி குந்திக்காத."